தெருமுனை எருக்கஞ்செடி வரை: சிற்றுயிர்களைக் கண்டு படமெடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரை கே.கே.நகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கப் போவது என் வழக்கம். பூச்சி, பூண்டு, சிலந்தி என்று படமெடுக்க ஆசைப்படுகிறவர்களும் அவ்வப்போது கூட வருவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். வீட்டுக் கதவைப் பூட்டும்போதே கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருநூறு படங்கள் இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று எடுத்தவருக்கே சொல்லத் தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் படமெடுப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். சாதாரணக் கைப்பேசி போதும்.

1. முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடந்த கைப்பேசியின் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். வெயிலில் எடுத்த படம் பால் கலந்தது போல மங்கித் தெரிந்தால், பத்தில் எட்டு முறை அதுதான் காரணம். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி நல்லது. வேட்டி முனையில் மணல் இருந்தால் கீறல் விழும்.

கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒலிக்கூட்டும் பட்டனை அழுத்தினால் படம் விழுகிறதா என்று சோதியுங்கள். திரையைத் தட்டிப் படமெடுத்தால் கை அசையும். பக்கவாட்டுப் பட்டனில் அந்த அசைவு குறைவு.

எடுத்துச் செல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: மடக்குக் குடை, உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை, முழங்காலுக்கு அடியில் போட ஒரு பழைய துண்டு, தண்ணீர், ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் அளவு காட்டுவதற்கு. அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால், அந்த வண்டு எவ்வளவு பெரியது என்ற கேள்விக்குப் பிறகு கைகளை விரித்துக் காட்ட வேண்டியதில்லை.

2. வழியை முடிவு செய்யுங்கள், நீளத்தைக் குறையுங்கள்

அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்த அரை கிலோமீட்டருக்குள் நான்கு விதமான இடம் இருந்தால் போதும்: ஒரு காலி மனை, பூச்சு உதிர்ந்த ஒரு பழைய சுற்றுச்சுவர், ஒரு பெரிய மரம், தண்ணீர் தேங்கும் அல்லது ஓடும் ஓர் இடம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள் குடியிருப்பதால் ஒரே நடையில் நான்கு உலகம் பார்த்துவிடலாம்.

காலி மனை என்றால் பலருக்கும் முகம் சுளிக்கிறது. குப்பை கிடக்கும், முள் கிடக்கும், உண்மைதான். ஆனால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, வெட்டி, மருந்தடித்துப் பராமரிக்கும் பூங்காவில் கிடைப்பதை விட, எருக்கும் தும்பையும் நெருஞ்சியும் தானாக முளைத்த மனையில் பூச்சிகள் பல மடங்கு அதிகம்.

புதியவர்கள் முதல் வாரமே அரிட்டாபட்டிக்குப் போக ஆசைப்படுகிறார்கள். மேலூர் பக்கம் இருக்கும் அந்தக் குன்றுப் பகுதி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. போக வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே ஒருமுறைதான் போவீர்கள். தெருமுனை எருக்கஞ்செடியை ஒரே வாரத்தில் ஏழு முறை பார்க்கலாம். கண் பழகுவது அந்த ஏழில்தான். முதல் இரண்டு மாதம் சொந்தத் தெரு. பிறகு வண்டியூர் கண்மாய்க் கரை, மாடக்குளம் கண்மாய், கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம் என்று விரித்துக்கொள்ளுங்கள்.

3. நேரம்

மதுரையில் ஆண்டு முழுவதும் சூரியன் சுமாராக 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில் உதிக்கிறது. உதித்த அரை மணி நேரத்திலிருந்து எட்டரை வரை உங்கள் நேரம்.

இதற்கு இரண்டு காரணங்கள். பூச்சிக்குத் தன் உடல் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். காலைக் குளிரில் தட்டான் விறைத்துப் போய் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும். முகத்தருகே போனாலும் உடனே பறக்காது. அதே தட்டானைப் பத்து மணிக்குத் துரத்தினால் வியர்வைதான் மிச்சம். இரண்டாவது, சாய்ந்த வெயிலில் ரோமமும் நரம்பும் பள்ளமும் நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

பட்டாம்பூச்சிகள் மட்டும் விதிவிலக்கு. அவை வெயில் ஏறிய பின்பே சுறுசுறுப்பாகும். ஒன்பது மணிக்கு மேல் தேடுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழரைக்கே திரும்பிவிடுங்கள். ஆடி மாதக் காற்றில் செடியில் இருப்பதைப் படமெடுக்க முயல்வது வீண் வேலை. அந்த மாதம் சுவரையும் தரையையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் நாள் காலையைத் தவற விடாதீர்கள். மார்கழியில் பனித்துளி போர்த்திய சிலந்தி வலை வெயில் ஏறினால் காய்ந்துவிடும். கோலம் போடுகிறவர்கள் எழும்போதே நீங்களும் எழ வேண்டும்.

4. நில்லுங்கள்

முழு வழிகாட்டியிலும் கடினமான படி இதுதான், ஏனென்றால் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கை எட்டும் தூரத்துக்குள் மட்டும் பார்த்தபடி, ஐந்து நிமிடம் நில்லுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

நீங்கள் வந்து நின்றவுடன் எல்லாம் ஒளிந்துகொள்ளும். இலைக்கு அடியில் போகும், அசையாமல் கிடக்கும், உதிர்ந்துவிட்டது போல நடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் பழையபடி நடமாடத் தொடங்கும். ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஒன்றுமில்லை என்று நகர்கிறவர்கள், திரை தூக்குவதற்கு முன்பே கொட்டகையை விட்டுப் போகிறவர்கள்.

உயிரைத் தேடாதீர்கள், தடயத்தைத் தேடுங்கள். இலையில் ஓட்டை, கீழ் இலையில் மிளகு போலச் சிதறிக் கிடக்கும் புழு எச்சம், தண்டில் ஏறி இறங்கும் எறும்பு வரிசை, சுருட்டி ஒட்டிய இலை, ரோஜா இலையின் ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியது போல அரைவட்டம் (இலைவெட்டும் தேனீ தன் கூட்டு அறைக்குக் கொண்டுபோன துண்டு அது). தடயம் அசையாது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் உரியவர் இருப்பார்.

எங்கள் தெருமுனையில் உள்ள எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்தால் சாம்பல் பூத்த இலையும் ஊதாப் பூவும்தான். நின்று பார்த்தால் இளந்தளிரின் அடியில் மஞ்சள் தூள் அப்பியது போல ஒரு திட்டு தெரியும். குனிந்தால் அந்தத் தூளுக்குக் கறுப்புக் கால்கள் இருக்கும். அசுவினிப் பூச்சிகள். அவற்றின் நடுவே எறும்புகள் உணர்கொம்பால் தட்டித் தட்டி இனிப்புச் சொட்டுக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் முதலைக்குட்டி போல ஒன்று நகர்ந்து வந்து அசுவினியை ஒவ்வொன்றாகத் தின்னும். அது பொறிவண்டின் இளம்புழு. பொறிவண்டு தெரியும், அதன் குழந்தை தெரியாது என்பவர்களே அதிகம். கீழே பெரிய இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியினுடையது. சில நாளில் மஞ்சளும் நீலமும் பூசிய எருக்கு வெட்டுக்கிளியும் வந்து சேரும். இவ்வளவும் ஒரே செடியில், முட்டிக்குக் கீழே.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். கிளையை ஒடிக்காதீர்கள், பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

5. முதல் படம் தூரத்திலிருந்து

இப்போது கைப்பேசியை எடுக்கலாம். ஆனால் உடனே மூக்கை நுழைக்காதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று செடி முழுவதும் தெரியும்படி ஒரு படம். பிறகு இரண்டு முழம் நெருங்கி இலையோடு ஒன்று. அதன் பிறகுதான் நெருக்கப் படம்.

பூச்சி பறந்துவிட்டால் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்பது ஒரு காரணம். அதை விட முக்கியமானது, பெயர் கண்டுபிடிக்கும்போது எந்தச் செடியில் இருந்தது என்பது பாதி விடை. வெறும் புழுவின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் விழித்திருக்கிறேன். செடியும் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

நெருங்கும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. பூச்சிக்கு நிழல் என்றால் பறவை. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, நிழல் வேறு பக்கம் விழும்படி சுற்றி வாருங்கள். முழங்காலை மடக்கி, கையை முன்பே நீட்டி வைத்துக்கொண்டு, உடம்போடு சேர்த்து மெதுவாக முன்னே போங்கள். கிட்டே போன பிறகு கையைத் தூக்கினால் அந்த அசைவிலேயே பறந்துவிடும். செடியை உரசாதீர்கள், மூச்சுக் காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஃபோகஸ், வெளிச்சம், கை

கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் பத்து சென்டிமீட்டருக்குள் தெளிவாகப் பிடிக்காது. சிலவற்றுக்கு அதை விடவும் தூரம் வேண்டும். புதியவர்கள் செய்யும் இரண்டாவது பெரிய தவறு இங்கே நடக்கிறது: மங்கலாக இருக்கிறது என்று இன்னும் நெருங்குவார்கள். நெருங்க நெருங்க மேலும் மங்கும். பின்னால் வாருங்கள். தெளிவு கிடைத்த இடத்தில் நின்று எடுத்து, வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நெருக்கப் படத்துக்கென்று, மேக்ரோ என்ற பெயரில் தனியாக ஒரு கேமரா இருந்தால் அதையும் முதன்மைக் கேமராவையும் ஒரே பூவில் வைத்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விலை குறைந்த கைப்பேசிகளில் அந்த மேக்ரோ பெயருக்குத்தான் இருக்கும். இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால் கவ்வி போல மாட்டும் மேக்ரோ லென்ஸ் கிடைக்கிறது. ஆனால் முதல் இரண்டு மாதம் வாங்காதீர்கள். அதை மாட்டினால் தெளிவாகத் தெரியும் ஆழம் மயிரிழை அளவுக்குக் குறைந்துவிடும்; கை நடுக்கம் போகாதவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும்.

திரையில் பூச்சியின் கண் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இறக்கை மங்கினால் பரவாயில்லை. கண் மங்கிய படத்தைக் காப்பாற்ற வழியில்லை. பூட்டிய பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மதுரை வெயிலில் வெள்ளைத் தும்பைப்பூ வெளிறி இதழே தெரியாமல் போவது இதைச் செய்யாததால்தான். இருட்டாக விழுந்த படத்தைப் பிறகு தூக்கி நிறுத்தலாம், வெளிறிப் போனதில் மீட்க ஒன்றும் இருக்காது.

இறக்கையோ இலையோ முழுதும் தெளிவாக வேண்டுமானால் கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடியுங்கள். சுவரில் உட்கார்ந்த அந்துப்பூச்சிக்குக் கைப்பேசியும் சுவர் போல நேராக இருக்க வேண்டும். சாய்த்தால் ஒரு பக்கம் மட்டுமே தெளியும்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள், அல்லது தரையில் ஊன்றுங்கள். மூச்சை வெளியே விட்டு முடித்த அந்தக் கணத்தில் அழுத்துங்கள். ஒன்றல்ல, தொடர்ச்சியாக எட்டுப் பத்து எடுங்கள். காற்றில் ஆடும் இலை அவற்றில் ஏதாவது ஒன்றில் நின்றிருக்கும். கடும் வெயிலென்றால் கூட வந்தவரிடம் குடையைக் கொடுத்து நிழல் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் வெள்ளை அட்டையை அந்தப் பக்கம் பிடித்து வெயிலைத் திருப்பி விடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வண்டின் முதுகு கண்ணாடி போன்றது, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழும்.

7. பழகுவதற்கு நான்கு பேர்

தாத்தாப்பூ. கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். சிறு வயதில் தலையைச் சுண்டி விளையாடிய அதே பூ. எல்லா ஓரத்திலும் இருக்கும், ஓடாது. மேலிருந்து ஒன்று, தரையோடு படுத்து ஒன்று எடுத்து இரண்டையும் பாருங்கள். கீழிருந்து எடுத்ததில் வானம் பின்னணியாகி, அதே பூ மரம் போல நிற்கும். உட்காராமல் எடுத்த படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பது அப்போது புரியும்.

குழிநரி. சன்ஷேடு, மாடிப்படி, பழைய திண்ணை இவற்றின் அடியில் மழை படாத பொடி மணலைப் பாருங்கள். புனல் போன்ற சிறு குழிகள் இருக்கும். அடியில் மணலுக்குள் ஒரு புழு தாடைகளை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எறும்பு சரிவில் கால் வைத்தால் மணல் சரியும். அது தப்ப முயன்றால் புழு கீழிருந்து மணலை வாரி அடிக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் குழி தட்டையான வட்டமாகிவிடும். வெயில் பக்கவாட்டில் நுழையும் நேரத்தில், ஓரத்தில் தலையைச் சாய்த்து எடுங்கள். பாதி ஒளி, பாதி நிழலாக ஆழம் தெரியும். எறும்பைப் பிடித்து உள்ளே போடாதீர்கள். காத்திருந்தால் தானாக வரும்.

முசுறு. மாமரம், கொய்யா மரத்தில் இலைகளைப் பந்து போலத் தைத்திருக்கும் செவ்வெறும்பு. பெரிய எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு அந்தப் புழு விடும் பட்டு இழையால் ஒட்டும். கிளையை ஆட்டினால் கடியோடு சேர்த்துக் காந்தலும் கிடைக்கும், ஆகவே தள்ளி நின்று எடுங்கள். வரிசையை விட்டுத் தனியாகத் திரியும் எறும்பு ஏதாவது இருந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பே இல்லை. முசுறு போல வேடமிட்ட குதிக்கும் சிலந்தி, முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. மூன்று ஆண்டுகள் அந்த மரத்தடியில் நின்ற பிறகுதான் முதல் சிலந்தியைக் கண்டேன். அதற்கு முன் எத்தனை முறை எறும்பு என்று படத்தை அழித்திருப்பேனோ.

கறிவேப்பிலைப் புழு. வீட்டுத் தொட்டியிலேயே இருக்கும். சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக் கொம்பு ஒன்று நீண்டு, ஒரு வாடையும் வரும். அதைப் பார்க்க ஒருமுறை சீண்டிய குற்றம் எனக்கும் உண்டு. அந்தப் படம் நன்றாகவும் விழவில்லை.

8. கை வைக்கக் கூடாத இடங்கள்

கல்லைப் புரட்டாதீர்கள். விரியனும் சுருட்டையும் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சாதாரணம். கண்மாய்க் கரையிலும் செங்கல் குவியலிலும் கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது. மூடிய செருப்பு போடுங்கள். முருங்கை மரத்தில் அடையாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியைப் படமெடுக்கலாம், தண்டில் சாய்ந்துகொண்டு எடுக்க வேண்டாம்.

குருவிக் கூட்டை மறைக்கும் இலையை விலக்கிப் படமெடுப்பது பெரும் தவறு. காக்கையும் பூனையும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. கூடு தெரிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம், உடனே நகர்ந்துவிடுங்கள்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டு வாசலில் கைப்பேசியோடு குந்தியிருக்கும் அந்நியரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுங்கள். ஒருமுறை ஒரு பாட்டி, நான் அவர் வீட்டைப் படமெடுப்பதாக நினைத்து வாளியோடு வந்தார். சுவரில் இருந்த சிலந்தியைக் காட்டியதும், கொல்லைப்புறத்தில் இதை விடப் பெரியது இருக்கிறது என்று உள்ளே அழைத்துப் போனார்.

9. திரும்பி வந்ததும்

அன்றே அழியுங்கள். ஒரு காட்சிக்குத் தூரப்படம் ஒன்று, நெருக்கப்படம் இரண்டு போதும். மறுநாளைக்கு ஒத்திப்போட்டால் எது எந்தச் செடியில் இருந்தது என்பது மறந்துவிடும். தேதி, இடம், செடி மூன்றையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

பெயர் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். அது சொல்லும் முதல் பெயரையே முடிவாகக் கொள்ளாதீர்கள். தெரிந்தவர்கள் வந்து ஒப்புக்கொள்ளும் வரை பொறுங்கள். வெந்தய வரியனையே பாருங்கள். அதைப் போலவே வேடமிட்ட இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண் உண்டு. பின்னிறக்கையின் நடுப்பகுதியில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் வரியன்; மேல் விளிம்பருகே ஒன்றே ஒன்று இருந்தால் வேடதாரி. இரண்டும் அச்சு அசல். பின்னிறக்கை தெரியாத படத்தை வைத்துச் சண்டை போட்டுப் பயனில்லை. வீட்டுத் தொட்டியில் எடுத்த படமென்றால் துல்லியமான இடத்தை மறைத்து ஏற்றுங்கள்; உங்கள் முகவரி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

10. செடி காணாமல் போனால்

காலி மனை எப்போதும் காலியாக இருக்காது. போன ஆண்டு ஒரு காலை போனபோது, எங்கள் எருக்கஞ்செடி இருந்த மனையை இயந்திரம் வைத்து வழித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். முந்தின நாள்தான் அதில் ஒரு கூட்டுப்புழு தொங்குவதைக் குறித்துவைத்திருந்தேன்.

அதன் பிறகு எப்போதும் இரண்டு செடிகளைப் பின்தொடர்கிறேன், வேறு வேறு உரிமையாளர்களின் மனைகளில். நீங்களும் தொடக்கத்திலேயே அப்படிச் செய்துவிடுங்கள். பழைய இடத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டாம். எருக்கு வேரிலிருந்து துளிர்க்கும். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த மனையில் செங்கல் அடுக்குக்கு இடையே நான்கு இலைகள் வந்திருந்தன. இலைக்கு அடியில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது.